கார் வாங்கும்போது எந்த வசதி முக்கியம்? சென்னைவாசிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அண்ணா சாலையிலோ ஓ.எம்.ஆரிலோ ஏதாவது ஒரு ஷோரூமுக்குள் நுழைந்தால், உட்கார்வதற்குள் கையில் ஒரு வண்ணத் தாளைக் கொடுத்துவிடுவார்கள். ஒரே மாடலில் பத்துப் பன்னிரண்டு வேரியன்ட். ஒவ்வொன்றுக்கும் நேரே வரிசையாக டிக் குறிகள். அதிக டிக் விழுந்த வண்டிதான் நல்ல வண்டி என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். அந்தத் தாளில் சன்ரூஃபுக்கும் ஒரு டிக்தான், உயிரைக் காக்கும் அமைப்புக்கும் ஒரு டிக்தான். எதற்கு எவ்வளவு எடை என்று அது சொல்லாது. அந்த எடையைப் போட்டுப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கேள்வி பதில்கள்.

இவ்வளவு வசதிகளில் எதிலிருந்து தொடங்குவது?

வசதிகளை இரண்டு கூறாகப் பிரியுங்கள். பிறகு மாட்டிக்கொள்ள முடியாதவை ஒரு பக்கம். பிறகு மாட்டிக்கொள்ளக் கூடியவை மறு பக்கம்.

வண்டியின் உடற்கட்டு, காற்றுப்பைகள், இ.எஸ்.சி. எனப்படும் நிலைகாப்பு அமைப்பு, கியர் வகை, இருக்கையின் உயரம், பின்னிருக்கையில் கால் நீட்டும் இடம், டிக்கியின் அளவு, தரையிலிருந்து அடிப்பாகத்தின் உயரம், வண்டியின் நீள அகலம். இவற்றில் ஒன்றைக்கூட வாங்கிய பிறகு மாற்ற முடியாது. பாட்டுப் பெட்டி, பின்பக்கக் கேமரா, சீட் கவர், அலாய் சக்கரம், டேஷ் கேமரா, கால் விரிப்பு, போன் மாட்டும் தாங்கி ஆகியவற்றை எந்த நாளிலும் வாங்கலாம். புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. உங்கள் பணம் முதல் கூறுக்குப் போக வேண்டும். ஷோரூம் பேச்சில் பெரும்பகுதி இரண்டாவது கூறைப் பற்றியே இருக்கும். அதற்கு மயங்க வேண்டாம்.

ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் வாரத்தை எழுதிப் பாருங்கள். வண்டியில் பெரும்பாலும் எத்தனை பேர்? அவர்களில் முதியவர் உண்டா, குழந்தை உண்டா? இரவில் வண்டி எங்கே நிற்கும்? மழைக்காலத்தில் உங்கள் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும்? மாதம் எத்தனை கிலோமீட்டர், அதில் நெடுஞ்சாலை எவ்வளவு? இந்த ஐந்தாறு வரிகள் எந்த விமர்சனக் காணொளியையும்விட உங்களுக்குத் தெளிவு தரும்.

பாதுகாப்பு வசதிகளில் எது உண்மையிலேயே கூடுதல்? எது எல்லா வண்டியிலும் இருப்பது?

விற்பனையாளர் "ஏ.பி.எஸ். இருக்கிறது, இரண்டு ஏர்பேக் இருக்கிறது, பார்க்கிங் சென்சார் இருக்கிறது" என்று விரல் மடக்கினால், அவை சட்டம் வாங்கித் தந்தவை என்பதை நினைவில் வையுங்கள். பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். 2019 ஏப்ரல் முதல் கட்டாயம். அதே ஆண்டு ஜூலை முதல் ஓட்டுநர் காற்றுப்பை, சீட் பெல்ட் எச்சரிக்கை, வேக எச்சரிக்கை, பின்பக்க பார்க்கிங் சென்சார் ஆகியவை கட்டாயம். முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பையும் இல்லாமல் 2022 தொடக்கத்திலிருந்து புதிய கார் விற்க முடியாது. மிகக் குறைந்த விலை வண்டியிலும் இவை உண்டு.

நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை வேறு. முதலாவது இ.எஸ்.சி. ஈரச் சாலையில் திடீரென ஸ்டியரிங்கைத் திருப்ப நேர்ந்தால் வண்டி சுழன்றுவிடாமல், தேவையான சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுத்து நேர்ப்படுத்துவது இதுதான். ஈ.சி.ஆரில் மழை தூறும் இரவில் குறுக்கே மாடு வந்தால், காற்றுப்பைக்கு வேலை வராமல் செய்வது இந்த அமைப்பு. இரண்டாவது, ஆறு காற்றுப்பைகள். மூன்றாவது, பின்னிருக்கையில் நடுவில் உட்கார்பவர் உட்பட ஐந்து பேருக்கும் தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மும்முனை பெல்ட். சில வண்டிகளில் நடு இருக்கைக்கு இடுப்பு பெல்ட் மட்டுமே இருக்கும், தலைதாங்கியும் இருக்காது. நான்கு பேர் குடும்பத்தில் பாட்டியும் சேர்ந்தால் அந்த இடத்தில் உட்காரப்போவது பெரும்பாலும் குழந்தைதான் என்பதை யோசியுங்கள்.

பின்னிருக்கை பெல்ட்டை இன்னும் அலட்சியம் செய்கிறோம். டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி 2022 செப்டம்பர் 4 அன்று மும்பை–அகமதாபாத் நெடுஞ்சாலையில், பால்கர் அருகே நடந்த விபத்தில் இறந்தார். பின்னிருக்கையில் பெல்ட் அணியாமல் அமர்ந்திருந்தார். வண்டி விலையுயர்ந்தது, காற்றுப்பைகளும் இருந்தன. பெல்ட் இல்லாதவருக்குக் காற்றுப்பையால் பாதுகாப்புத் தர முடியாது, ஏனென்றால் பெல்ட்டுக்குத் துணையாக வேலை செய்யும்படிதான் அதை வடிவமைக்கிறார்கள். பின்னிருக்கையில் பெல்ட் அணிவது சட்டப்படியும் கட்டாயம். மீறினால் 1,000 ரூபாய் அபராதம்.

நட்சத்திர மதிப்பீட்டை எப்படிப் படிப்பது?

இந்தியாவுக்கென்று பாரத் என்கேப் என்ற மோதல் சோதனை முறை 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதற்கு முன்பு வெளிநாட்டு அமைப்பான குளோபல் என்கேப் 2014 முதல் நம் வண்டிகளைச் சோதித்து வந்தது. பாரத் என்கேப்பில் பெரியவர் பாதுகாப்புக்கு 32 மதிப்பெண், குழந்தை பாதுகாப்புக்கு 49. ஐந்து நட்சத்திரம் கிடைக்க முறையே 27, 41 எடுக்க வேண்டும். முன்பக்க மோதலை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் நடத்துகிறார்கள்.

நட்சத்திரத்தோடு நின்றுவிடாமல் மூன்றைப் பாருங்கள். குழந்தைகளுக்கான மதிப்பீடு தனியாக எத்தனை? சோதித்த வண்டி எந்த ஆண்டுத் தயாரிப்பு, எந்த வேரியன்ட்டுகளுக்கு அந்த மதிப்பீடு பொருந்தும்? மோதலுக்குப் பிறகு உடற்கட்டு நிலையாக இருந்தது என்று அறிக்கை சொல்கிறதா? பெயர் ஒன்றாக இருந்தாலும் பழைய தலைமுறை வண்டியின் நட்சத்திரம் புதிய தலைமுறைக்குப் பொருந்தாது. மறுதலையும் உண்மை.

ஷோரூமில் இலவசமாகக் கொடுக்கும் துணைக்கருவிகளிலும் கவனம் தேவை. பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையின் ஓரத் தையலைக் கிழித்துக்கொண்டுதான் விரியும். அதன் மேல் கனமான சீட் கவரை இழுத்துப் போர்த்தினால், காசு கொடுத்து வாங்கிய காற்றுப்பையை நாமே கட்டிப்போடுகிறோம். முன்னால் பொருத்தும் இரும்புக் கம்பிக்கு மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே தடை விதித்துவிட்டது. மோதலின் விசையை அது வண்டியின் சட்டத்துக்கு நேராகக் கடத்திவிடும்; காற்றுப்பை விரிய வேண்டிய நேரமும் தப்பிப்போகும்.

வீட்டில் முதியவர்கள் இருக்கிறார்கள். எதைப் பார்ப்பது?

அவர்களை ஷோரூமுக்கு அழைத்துப் போங்கள். இதற்கு மாற்றே இல்லை.

முழங்கால் வலியுள்ள, சேலை கட்டிய எழுபது வயதுப் பெண்மணி பின்னிருக்கையில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். இடது கை கதவின் மேல் விளிம்பைப் பிடிக்கும். முதுகு உள்ளே திரும்பும். முதலில் உட்கார்வார், பிறகு ஒரு கையால் சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைப்பார். இருக்கை இடுப்பு உயரத்துக்குச் சற்றுக் கீழே இருந்தால் இது ஒரே அசைவில் முடியும். தாழ்வான செடானில் அவர் தொப்பென்று விழ வேண்டியிருக்கும். எழும்போது இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். உயரமான பெரிய எஸ்.யு.வி.யில் ஏறுவதற்கே படி தேவைப்படும். கதவு எந்த அளவுக்கு அகலமாகத் திறக்கிறது, கீழ்ச்சட்டம் எவ்வளவு உயரம், பிடிக்கக் கைப்பிடி இருக்கிறதா என்பதெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். எந்தத் தாளிலும் இதற்கு டிக் குறி கிடையாது.

கைக்குழந்தை இருந்தால் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எங்கே இருக்கின்றன என்று கையால் தடவிப் பாருங்கள். குழந்தை இருக்கையை அதில் மாட்டினால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார இடம் மிஞ்சுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முன்னிருக்கையில் மடியில் வைத்துக்கொண்டு போவது வேண்டவே வேண்டாம்.

சென்னை மழைக்கும் வெள்ளத்துக்கும் எஸ்.யு.வி.தான் வேண்டுமா?

2015 டிசம்பரையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்த ஊர் இந்தக் கேள்வியைக் கேட்பதில் வியப்பில்லை. கனமழை என்று வானிலை மையம் சொன்னவுடன் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக கார்களைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் என்றால், பட்டவர்களுக்குத்தான் அந்த வலி தெரியும்.

அடிப்பாக உயரம் நிச்சயம் உதவும். சிறிய கார்களில் ஏறக்குறைய 160 முதல் 170 மில்லிமீட்டர், எஸ்.யு.வி. வகைகளில் 190 முதல் 210 வரை இருக்கும். தாளில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் ஆளில்லா வண்டியின் உயரம். ஐந்து பேரும் சாமான்களும் ஏறினால் அது இறங்கிவிடும். உள் தெருக்களின் வேகத்தடை அப்போதுதான் அடியில் உரசும்.

இதற்குள் ஒரு பெரிய குழப்பம் ஒளிந்திருக்கிறது. அடிப்பாக உயரம் 200 மில்லிமீட்டர் என்பதால் அந்த வண்டி வெள்ளத்தில் போகும் என்று பொருளல்ல. எஞ்சின் மூச்சு விடுவதற்கான காற்றுக்குழாயின் வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் அதைத் தீர்மானிக்கிறது. அந்த வாய் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், காற்றைப்போல் தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதில் முட்டி, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். எதிரே வரும் பஸ் எழுப்பும் அலையே இதற்குப் போதும். துரைசாமி சுரங்கப்பாதையிலோ கணேசபுரம் சுரங்கப்பாதையிலோ தண்ணீர் நின்றால், எந்த எஸ்.யு.வி.யாக இருந்தாலும் திரும்பிப் போவதே சரி. தண்ணீரில் எஞ்சின் நின்றுபோனால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடியில்தான் எஞ்சின் போகிறது. இழுவை வண்டியை அழையுங்கள்.

தண்ணீர் தேங்கும் பகுதியில் வீடு இருந்தால் இன்சூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரண முழுப் பாலிசி வெள்ளச் சேதத்தை ஏற்றாலும், தண்ணீரில் ஸ்டார்ட் செய்ததால் எஞ்சின் உடைந்தது என்றால் கைவிரித்துவிடலாம். வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர், கொளத்தூர் பக்கம் இருப்பவர்கள் சன்ரூஃபுக்கு ஆகும் கூடுதல் பணத்தில் ஒரு சிறு பகுதியை இதற்கு ஒதுக்கினாலே போதும். ஷோரூம் சொல்லும் நிறுவனத்தில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. வெளியே விலை விசாரித்து எடுக்கலாம்.

கத்திரி வெயிலுக்கு எந்த ஏசி நல்லது?

மதியம் இரண்டு மணிக்கு டெஸ்ட் டிரைவ் கேளுங்கள். வண்டி வெயிலில் ஒரு மணி நேரமாவது நின்றிருக்க வேண்டும். முன்கூட்டியே குளிர வைத்து நிழலில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அது சோதனையே அல்ல. கதவைத் திறந்து, பின்னிருக்கையில் உட்கார்ந்து, உங்கள் கழுத்துக்குக் குளிர்காற்று வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். பின்பக்க ஏசி துவாரம் இருக்கிறதா என்பதை மட்டும் கேட்டால் போதாது. சிலவற்றில் துவாரம் இருக்கும், காற்று பலமாக வராது. சிக்னலில் நிற்கும்போதும் குளிர்ச்சி குறையாமல் இருக்க வேண்டும்.

காற்றோட்டமுள்ள இருக்கை, அதாவது இருக்கைத் துளைகள் வழியே காற்று வருவது, மற்ற ஊர்க்காரர்களுக்கு ஆடம்பரமாக இருக்கலாம். ஆண்டில் எட்டு மாதம் முதுகு நனையும் சென்னையில் அது உண்மையான வசதி. தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டுபவர் அதற்குக் காசு கொடுப்பதில் தவறில்லை. கறுப்பு நிற உள்ளலங்காரமும் தோல் இருக்கையும் மே மாதத்தில் தொடமுடியாத சூடாகும். துணி இருக்கை மலிவான வேரியன்ட்டின் அடையாளம் என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

தினமும் நெரிசலில்தான் ஓட்டுகிறேன். எந்த ஆட்டோமேட்டிக் கியர் நல்லது?

மெட்ரோ இரண்டாம் கட்டத்துக்காக ஊரெங்கும் தோண்டிக்கொண்டிருக்கும் இந்த ஆண்டுகளில், இடது காலுக்கு ஓய்வு கொடுப்பது நியாயமான விருப்பம். "ஆட்டோமேட்டிக்" என்ற ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு இயந்திரங்களை விற்கிறார்கள். எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு விலை பேசுங்கள்.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் மாற்றுவதையும் ஒரு கருவி நமக்காகச் செய்கிறது. விலை குறைவு, மைலேஜ் நல்லது, பராமரிப்பும் எளிது. கியர் மாறும்போது தலை முன்னும் பின்னும் ஆடும். மேம்பால ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது பின்னால் சரியக்கூடும். ஏற்றத்தில் பிடித்து நிறுத்தும் வசதி சேர்ந்திருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கோடம்பாக்கம் பாலத்தில் மாலை ஆறு மணிக்கு இதன் அருமை தெரியும்.

சி.வி.டி.யில் கியர் மாறுவதே தெரியாது. நின்று நின்று போகும் நகர ஓட்டத்துக்கு இதைவிட இதமானது குறைவு. அழுத்தி மிதித்தால் எஞ்சின் சத்தம் முதலில் ஏறும், வேகம் பிறகு வரும். டார்க் கன்வர்ட்டர் பழைய, நம்பகமான முறை. வழுவழுப்பாக நகரும், நெரிசலைத் தாங்கும், எரிபொருள் சற்றுக் கூடுதலாகக் குடிக்கும். டி.சி.டி. எனப்படும் இரட்டை கிளட்ச் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்குப் பெரிய இன்பம். அதில் எண்ணெயில் மூழ்காத உலர் கிளட்ச் வகையை ஓ.எம்.ஆர் நெரிசலில் அங்குல அங்குலமாக நகர்த்திக்கொண்டே இருந்தால் கிளட்ச் சூடேறும். தினசரி வாழ்க்கை சிறுசேரிக்கும் திருவான்மியூருக்கும் இடையில்தான் என்றால், என் ஓட்டு சி.வி.டி.க்கோ டார்க் கன்வர்ட்டருக்கோதான்.

பெட்ரோலா, டீசலா, மின்சாரமா?

நகரத்துக்குள் குறைவாக ஓட்டுபவருக்கு டீசல் வேண்டாம். பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. சேர்ந்த கரியை அது தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள, நடுவில் நிற்காமல் சில பத்து நிமிடங்கள் சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கும் காய்கறிக் கடைக்கும் போய்வரும் வண்டிக்கு அந்த வாய்ப்புக் கிடைக்காது. வடிகட்டி அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கு எரியும். மாதந்தோறும் மதுரைக்கோ கோவைக்கோ போகிறவருக்கு டீசல் இன்றும் பொருத்தமே.

மின்சார காரைப் பொறுத்தவரை, முதல் கேள்வி வண்டியைப் பற்றியது அல்ல. உங்கள் அடுக்குமாடி சங்கத்தைப் பற்றியது. உங்கள் பார்க்கிங் இடத்தில் சார்ஜர் பொருத்த அனுமதியும் மின் இணைப்பும் கிடைக்கும் என்று எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கட்டுங்கள். வீட்டில் சார்ஜ் செய்ய முடிந்தால் நகரத்துக்கு அதைவிடச் செலவு குறைந்த வண்டி இல்லை. முடியாவிட்டால் ஒவ்வொரு வாரமும் பொதுச் சார்ஜரைத் தேடி அலைய வேண்டும். பேட்டரிக்கு ஐ.பி.67 தரச்சான்று இருந்தால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். வெள்ளத்தில் நாள் முழுக்க நிற்கும் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

சன்ரூஃப்?

வேண்டியதில்லை. வெயில் சூட்டை உள்ளே விடும், உட்கார்பவரின் தலைக்கு மேலுள்ள இடத்தைக் குறைக்கும், தண்ணீர் வடியும் துளைகளில் வேப்பம்பூவும் தூசியும் அடைத்தால் மழையில் உள்ளே ஒழுகும். ஓடும் வண்டியில் பிள்ளைகளை அதன் வழியே எழுந்து நிற்க விடுவதைக் கடற்கரைச் சாலையில் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது. திடீர் பிரேக் ஒன்று போதும்.

பெரிய தொடுதிரை இருந்தால் நல்லதுதானே?

திரை எத்தனை அங்குலம் என்பதைவிட, ஏசியைக் கூட்டவும் கண்ணாடிப் பனியை நீக்கவும் தனிப் பொத்தான் இருக்கிறதா என்பதைப் பாருங்கள். தொடுதிரையைக் கண்ணால் பார்த்துத்தான் தொட முடியும். பொத்தானை விரலே கண்டுபிடித்துவிடும். இருசக்கர வண்டிகள் இரு பக்கமும் உரசிக்கொண்டு போகும் ஊரில் அந்த இரண்டு நொடி பெரிய விஷயம். ஐரோப்பிய மோதல் சோதனை அமைப்பான யூரோ என்கேப், 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹாரன் போன்றவற்றுக்கு நேரடிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு ஐந்து நட்சத்திரம் என்று விதி கொண்டுவந்திருக்கிறது.

அடாஸ் என்று சொல்லும் ஓட்டுநர் உதவி அமைப்பு நம் சாலையில் வேலை செய்யுமா?

பாதி செய்யும். முன்னால் போகும் வண்டி திடீரென நின்றால் தானே பிரேக் போடுவதும், கண்ணாடியில் தெரியாத பக்கத்தில் வண்டி வந்தால் எச்சரிப்பதும் பயனுள்ளவை. தடத்தில் பிடித்து வைக்கும் வசதி சாலைக்கோடுகளை நம்பியிருக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் கோடுகள் தெளிவாக இருக்கும் இடங்களில் அது உதவும். நகரத்துக்குள் கோடு அழிந்த தெருக்களில் அதற்கு வேலையில்லை. ஷேர் ஆட்டோ குறுக்கே நுழையும்போது வண்டி தானாகப் பிரேக் போட, பின்னால் வருபவர் இடிக்கும் வாய்ப்பும் உண்டு. ஆகவே ஒவ்வொன்றையும் தனித்தனியாக நிறுத்தும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அதிகம் நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு இது தகும். இதற்காக ஆறு காற்றுப்பையையோ இ.எஸ்.சி.யையோ விட்டுக்கொடுக்கக் கூடாது.

எவ்வளவு பெரிய வண்டி வாங்கலாம்?

உங்கள் பார்க்கிங் இடத்தை டேப் வைத்து அளந்துவிட்டுப் போங்கள். தூணுக்கும் தூணுக்கும் இடையே உள்ள அகலம்தான் கணக்கு. தரையில் போட்ட கோடு அல்ல. நிறுவனம் தரும் அகலத்தில் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் சேராது. வண்டியை நிறுத்திய பிறகு ஓட்டுநர் கதவைத் திறந்து இறங்க இடம் வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிகளிலும் திருவல்லிக்கேணிச் சந்துகளிலும் தினமும் புழங்குபவர், ஒரே மூச்சில் யு-டர்ன் அடிக்க உதவும் குறைந்த திரும்பு வட்டத்தையும் பார்க்க வேண்டும். ஏறக்குறைய ஐந்து மீட்டர் ஆரம் என்றால் நன்று.

சிறிய காரின் உச்ச வேரியன்ட்டா, பெரிய காரின் அடிப்படை வேரியன்ட்டா?

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கும். பெரும்பாலும் அதுதான் சரியாக வரும். எல்லாப் பாதுகாப்பு அமைப்புகளும் எந்த வேரியன்ட்டிலிருந்து தொடங்குகின்றன என்று பாருங்கள். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் விளக்குக்கும் திரைக்கும் சக்கர அழகுக்கும் போகும்.

வரிப் படிக்கட்டையும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் உள்ள வாழ்நாள் வரி: 5 லட்சம் ரூபாய் வரையிலான காருக்கு 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. விலை 9.90 லட்சம் என்றால் வரி ஏறக்குறைய 1.29 லட்சம். நாற்பதாயிரம் மட்டுமே கூடுதல் என்று அடுத்த வேரியன்ட்டுக்குத் தாவி 10.30 லட்சம் ஆனால் வரி 1.85 லட்சம். ஆக அந்த நாற்பதாயிரம் உண்மையில் தொண்ணூற்றாறாயிரத்துக்கு மேல். பத்து லட்சத்தைத் தாண்டினால் ஷோரூம் ஒரு சதவீத வருமான வரியையும் பிடிக்கும். அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது சரிக்கட்டிக்கொள்ளலாம். வாழ்நாள் வரியும் இன்சூரன்ஸும் சேராத எக்ஸ்-ஷோரூம் விலையைப் பார்த்து முடிவு செய்யாமல், எல்லாம் சேர்ந்த ஆன்ரோடு விலையை வரிவரியாக எழுதி வாங்குங்கள். அதில் கையாளும் கட்டணம், அவசியத் துணைக்கருவித் தொகுப்பு என்று ஏதேனும் இருந்தால் அது எதற்கு என்று கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் குறையும்.

மைலேஜ் எண்ணை நம்பலாமா?

இரு வண்டிகளை ஒப்பிட நம்பலாம். மாதச் செலவு போட நம்ப வேண்டாம். அது ஆய்வகத்தில் உருளைகள் மேல் ஓட்டி எடுத்த எண். நகர நெரிசலில் ஏசியோடு ஓட்டினால் மூன்றில் ஒரு பங்கு குறையும் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் என்ன செய்ய வேண்டும்?

அவர்கள் காட்டும் அகலமான சாலையில் இரண்டு கிலோமீட்டர் ஓட்டுவதால் ஒன்றும் தெரியாது. உங்கள் வீட்டுத் தெரு வரை கொண்டுவரச் சொல்லுங்கள். குடும்பத்தில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு உங்கள் தெரு வேகத்தடையைக் கடந்து பாருங்கள். உங்கள் பார்க்கிங்கில் ஒருமுறை ரிவர்ஸில் விடுங்கள். வலப்பக்கம் திரும்பும்போது முன்கண்ணாடியின் ஓரத் தூண், குறுக்கே வரும் ஸ்கூட்டரை மறைக்கிறதா என்று கவனியுங்கள். தூண் தடித்த வண்டிகளில் ஒரு ஸ்கூட்டர் முழுதாக மறைந்துவிடும். காலியான இடத்தில், பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துவிட்டு, பிரேக்கை நன்றாக அழுத்திப் பாருங்கள். முடிந்தால் மாலை மங்கிய பின் இன்னொருமுறை ஓட்டி முகப்பு விளக்கின் வெளிச்சத்தைப் பாருங்கள். அதைப் பகலில் சோதிக்க வழியே இல்லை.

வீட்டில் வேறு யார் ஓட்டுவார்களோ அவர்களும் ஓட்ட வேண்டும். ஐந்தடி உயரமுள்ளவருக்கு இருக்கையை மேலே ஏற்றும் வசதி இல்லாவிட்டால் பானெட் முனை தெரியாது. ஆறடிக்காரர் அமைத்த இருக்கையில் உட்கார்ந்து ஐந்தடிக்காரர் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

பழைய கார் என்றால்?

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பதைத்தான் இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டும். சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வேறு வண்டி பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழி, இருக்கைக்கு அடியிலுள்ள தண்டவாளம், அங்குள்ள திருகாணிகள் ஆகியவற்றில் துரு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய இன்சூரன்ஸ் உரிமைகோரல் விவரத்தைக் கேட்டு வாங்குங்கள். கடற்கரையோர வீட்டு வண்டி என்றால் உப்புக்காற்று அடிப்பாகத்தை அரித்திருக்கும். லிஃப்டில் ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். 2023 ஏப்ரலுக்கு முந்தைய தயாரிப்பு என்றால், 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்று கையேட்டில் பாருங்கள்.

டெலிவரி நாளில் எதைச் சரிபார்ப்பது?

பதிவுக்கு அனுப்புவதற்கு முன்பே, கிடங்கிலேயே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பதிவெண் வந்த பிறகு குறை கண்டால் மாற்றித் தர மாட்டார்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரிப்பு மாதமும் ஆண்டும் இருக்கும். டிசம்பரில் தள்ளுபடி பெரிதாக இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். டயர் ஓரங்களில் வெடிப்பு உண்டா, பெயின்ட்டில் நிற வேறுபாடு உண்டா, எல்லாக் கண்ணாடிகளிலும் ஒரே ஆண்டுக் குறி இருக்கிறதா, இவற்றைப் பொறுமையாகப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லை பஞ்சர் ஒட்டும் பெட்டி மட்டுமா? டயர் அழுத்தத்தைக் காட்டும் கருவியும் பஞ்சர் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி தேவையில்லை என்று 2020-லேயே விதி தளர்ந்துவிட்டது. அதனால் வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பல்லவன் சாலை பாடிகாட் முனீஸ்வரர் கோயிலில் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி வண்டியை எடுக்கும் வழக்கம் பலருக்கு உண்டு. ஷோரூமிலிருந்து அங்கே கிளம்பும் முன் நான்கு டயரிலும் காற்றை அளக்கச் சொல்லுங்கள். கிடங்கில் நிற்கும் வண்டிக்குக் கூடுதலாகக் காற்று அடைத்திருப்பார்கள். சரியான அளவு ஓட்டுநர் கதவை ஒட்டிய சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும்.